உறைதடுப்பியும் மிதவைக் கோலும்: ஒரு வரலாற்று நோக்கு

குளிர்நாடுகளில் மாரி தொடங்குமுன் மோட்டார்த் திருத்தகங்களில் நிகழும் செயல் ஒன்று உண்டு. தொழிலாளி வண்டியின் முன்மூடியைத் திறந்து, ஆறிய இயந்திரத்தின் றேடியேற்றரிலிருந்து சிறிதளவு திரவத்தை, இறப்பர்க் குமிழ் பொருத்திய கண்ணாடிக் குழாயொன்றினுள் உறிஞ்சி எடுப்பார். குழாயினுள்ளே சிறு மிதவையொன்று எழுந்து நிற்கும். அதன் கழுத்திற் பொறித்த கோட்டைப் பார்த்து, இத்திரவம் பூச்சியத்துக்குக் கீழ் 37 பாகை வரை தாங்கும் என்று அவர் கூறுவார். அவர் அதனைக் குளிரூட்டவுமில்லை, உறையவைத்துப் பார்க்கவுமில்லை. இதமான வெயிலில் நின்றுகொண்டு, இன்னும் மூன்று திங்களின் பின் வரக்கூடிய குளிரைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார். தீர்ப்புப் பிழைக்குமாயின் இயந்திரம் பிளக்கும். ஒரு திரவத்தின் பாரத்தை அறிந்து அதன் உறைநிலையைக் கூறும் இவ்வாற்றல் எவ்வாறு வந்தது, எவ்விடத்தில் அது செல்லுபடியாகாது போகிறது என்னும் இரண்டுமே ஈண்டு ஆராயப்படுவன. (இக்கட்டுரையில் வேறு குறிப்பில்லாதவிடத்துப் பாகை என்பது செல்சியசுப் பாகையையே குறிக்கும்.)

நீர் ஏனைய திரவங்களிலிருந்து வேறுபட்ட இயல்புடையது. பெரும்பாலான பொருள்கள் உறையுங்கால் சுருங்கும். நீரோ 4 பாகை வரை சுருங்கி, அதன் கீழே விரியத் தொடங்கி, பனிக்கட்டியாகும்பொழுது கனவளவில் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருக்கும். குளத்தின் மேற்பரப்பில் பனிக்கட்டி மிதப்பதும், அதன் கீழே மீன்கள் உயிர்வாழ்வதும் இவ்வியல்பினாலேயே. ஆயின் மூடிய வார்ப்பிரும்புப் பாத்திரத்தினுள் அகப்பட்ட நீருக்குப் பருக்க இடமில்லை. அப்பொழுது இரும்பே வழிவிடும். நுவரெலியாவிலே சில விடியல்களிற் புல்லின்மேற் படியும் உறைபனியைத் தவிர வேறு பனிக்கட்டியை இயற்கையிற் காணாத இலங்கையர்க்கு இது பாடநூற் செய்தியாகவே நெடுநாள் இருந்தது. இன்று கனடாவிலும் நோர்வேயிலும் குடியேறி வாழும் யாழ்ப்பாணத்தவர் பல்லாயிரவர்க்கோ, இஃது ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் வீட்டுக் காரியங்களுள் ஒன்றாயிற்று.

திருத்தகத் தொழிலாளியின் கையிலுள்ள மிதவைக்கு நீண்ட குலமரபு உண்டு. மிதக்கும் பொருள் தன் பாரத்துக்குச் சமமான பாரமுள்ள திரவத்தையே இடம்பெயர்க்கும் என்ற ஆக்கிமிடீசின் தத்துவமே அதற்கு அடிப்படை. அடர்த்தி மிகுந்த திரவத்தில் மிதவை உயர்ந்து நிற்கும். அடர்த்தி குறைந்ததில் ஆழ அமிழும். கி. பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட ஆபிரிக்காவில் வாழ்ந்த சினேசியசு என்பவர், அலெக்சாந்திரியாவின் பேரறிஞையான இப்பேசியாவுக்கு எழுதிய கடிதமொன்றில், தமக்கு இத்தகைய கருவி ஒன்றைச் செய்வித்து அனுப்புமாறு வேண்டினார். புல்லாங்குழல் போன்ற வடிவினதும், மேலே கோடுகள் பொறிக்கப்பட்டதும், அடியிற் கூம்பு வடிவான பாரம் பொருத்தப்பட்டதுமான குழாய் என அவர் தரும் வருணனை ஐயத்துக்கு இடமில்லாதது. எதற்காக அதனை அவர் விரும்பினார் என்பதே தெளிவாகவில்லை. அவர் அப்போது நோயுற்றிருந்தாராதலின் பருகும் நீரைச் சோதிக்கவே கேட்டார் எனச் சிலர் ஊகிப்பர். கி. பி. 1121 அளவில் அல்காசினி என்னும் அறிஞர் அரபு மொழியில் இயற்றிய துலாக்கோல் பற்றிய பெருநூலும் இம்மிதவையை விரித்துரைத்து, அதனைப் பண்டைக் கிரேக்கரான பப்பசுக்கு உரியதாகக் கூறுகிறது. 1675 இல் இங்கிலாந்தில் இறொபேட்டு பொயில் கள்ள நாணயங்களைக் கண்டுபிடிப்பதற்கு மிதவையொன்றை எடுத்துரைத்தார். ஏமாற்றுவோரைப் பிடிக்கும் வேலை அன்றிலிருந்து இக்கருவியை விட்டு நீங்கவில்லை. பாலில் நீர் கலந்திருப்பதைக் காட்டும் பால்மானியும், இறப்பர்த் தோட்டங்களிற் பாலின் செறிவை அளக்கும் மெற்றோலாக்கும் இக்குடும்பத்தைச் சேர்ந்தனவே.

மிதவையைப் பொருட்படுத்தத்தக்க ஆய்கருவியாக்கியது விஞ்ஞான ஆர்வமன்று, வரிப்பணமே. மதுவின் வலிமைக்கேற்ப வரி அறவிடும் அரசுக்கு அவ்வலிமையை அறிய வழி வேண்டியிருந்தது. வெடிமருந்தின்மேல் மதுவை ஊற்றித் தீயிட்டுப் பார்க்கும் பழைய முறை பிரித்தானியாவில் இருந்தது. மருந்து பற்றினால் மது வலியது, பற்றாவிடின் மெலிது என்பதே அதன் தீர்ப்பு. இம்முரட்டு முறையால் வணிகரும் வரியதிகாரிகளும் ஓயாது பிணங்கினர். மிதவைக் கோல்கள் வந்த பின்னும் பிணக்குத் தீரவில்லை. ஏனெனில் அற்ககோலும் நீரும் கலக்குமிடத்துக் கனவளவு சுருங்கும். ஐம்பது பங்கும் ஐம்பது பங்கும் சேர்ந்தால் நூறு பங்கு வருவதில்லை, ஏறத்தாழ 97 பங்கே வரும். ஆகவே வெறுங் கணக்கினாற் கலவையின் அடர்த்தியைக் கூற இயலாது. மேலும் வெப்பநிலை ஏறும்போது திரவம் விரிந்து அடர்த்தி குறையும். கலவைகளை ஒவ்வொன்றாகச் செய்து, பல வெப்பநிலைகளில் நிறுத்தறிந்து அட்டவணை ஆக்குவதன்றி வேறு வழியில்லை.

பிரித்தானிய அரசு இப்பணியை இலண்டன் அரச கழகத்திடம் ஒப்படைத்தது. அதனை ஏற்று 1790 இல் அறிக்கை சமர்ப்பித்தவர் கழகத்தின் செயலாளரான சார்ள்சு பிளாக்டன். கழகத்தின் எழுத்தரான ஜோர்ச்சு கில்பின் பரிசோதனைகளை மிகுந்த பொறுமையோடு நடத்தி, 1794 இல் விரிவான அட்டவணைகளை வெளியிட்டார். இவ்வட்டவணைகளின் வழியிலேயே 1816 இல் சைக்சு என்பவரின் மிதவைக்கோல் சட்டத்தின் அங்கீகாரம் பெற்றது. அடர்த்தியை அளந்து, வெப்பநிலையைக் குறித்து, அட்டவணையை நோக்கிக் கலவையின் வலிமையைக் கூறும் முறை அன்று நிலைபெற்றது. இன்று றேடியேற்றரைச் சோதிப்பவர் செய்வதும் அதனையே.

பிளாக்டன் என்னும் இம்மனிதரை இன்னுஞ் சற்று நோக்குதல் தகும். 1748 இற் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்று, அமெரிக்கப் போரிற் படை மருத்துவராகப் பணியாற்றியவர் அவர். வெப்பத்தின் இரு எல்லைகளும் அவரைக் கவர்ந்தன. நீரின் கொதிநிலையினும் மேலான வெப்பமுள்ள அறையினுள் மனிதன் எவ்வளவு நேரம் தாங்கலாம் எனத் தாமே நண்பர்களோடு உட்புகுந்து பார்த்து, அதனை 1775 இல் எழுதினார். அதே அறையில் முட்டையும் இறைச்சியும் வெந்தன, மனிதர் வேகவில்லை. வியர்வையின் பயன் அதனால் துலங்கிற்று. 1783 இலோ, இரசம் உறையும் குளிரைப் பற்றி அட்சன் குடாவின் கோட்டையிலிருந்து வந்த பரிசோதனைச் செய்திகளைத் தொகுத்து, இரசம் உறைதலின் வரலாற்றை எழுதினார்.

1788 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வே ஈண்டு முதன்மையானது. உப்புக் கலந்த நீர் எளிதில் உறையாது என்பது பழைய செய்தி. பனிக்கட்டியும் உப்பும் சேர்ந்தாற் கடுங்குளிர் உண்டாகும் என்பதை அறிந்தே, 1724 இல் தம் வெப்பமானியை விளக்கிய பரனைற்று என்பார் தமது அளவுத்திட்டத்தின் பூச்சியத்தை அத்தகைய கலவையொன்றில் அமைத்தார். (அவரும் அதே ஆண்டிற் புதிய மிதவைக்கோல் ஒன்றை விவரித்துள்ளார் என்பது கருதத்தக்கது.) 1771 இற் கேம்பிரிட்சுப் பேராசிரியர் இறிச்சேட்டு உவாற்சன், உப்பின் அளவுக்கும் உறைதல் தாமதிக்கும் அளவுக்கும் தொடர்புண்டு எனக் கண்டார். பிளாக்டனோ பல பொருள்களைத் தனித்தனி நீரிற் கரைத்து அளந்து, கரைந்த பொருளின் அளவு எவ்வளவோ அவ்வளவுக்கு நேர்விகித சமமாக உறைநிலை தாழும் என்ற விதியை நிறுவினார். இரு மடங்கு உப்பு, இரு மடங்கு தாழ்வு. நீரை அசையாது குளிர்வித்தால் அது தன் உறைநிலைக்குக் கீழேயும் சில பாகைகள் திரவமாகவே நிற்கும் என்பதையும் அவர் அதே ஆண்டில் ஆராய்ந்தார். உறையவைத்துப் பார்த்தல் எளிய சோதனையன்று என்பது இதனாற் புலனாகும். குளிர்ப்பெட்டியில் வைத்த போத்தல் உறையவில்லை என்பதைக் கொண்டு அத்திரவம் உறையாதது எனக் கூறிவிட இயலாது.

ஆக, கரைசலின் செறிவு அதன் உறைநிலையைத் தீர்மானிக்கும் என்பதை 1788 இலும், அடர்த்தியைக் கொண்டு செறிவை அறியலாம் என்பதை 1790 இலும் ஒரே மனிதர் எழுதினார். இரண்டையும் ஒருங்கு சேர்த்தால் மிதவைக்கோலினால் உறைநிலையை அறியும் கருவி கிடைக்கும். பிளாக்டன் அவ்வாறு சேர்த்தாரல்லர். சேர்க்கவேண்டிய தேவையும் அன்று எழவில்லை. நீரை உடலினுள்ளே சுமந்து திரியும் இயந்திர வண்டி அப்போது யாரிடமும் இருந்ததில்லை. அவர் 1820 இற் காலமானார். காள் பென்சு தமது மோட்டார் வண்டிக்கு உரிமைப்பட்டயம் பெற்றது அதற்கு 66 ஆண்டுகளின் பின்னர், 1886 இலேயே.

இடைப்பட்ட காலத்தில் இரசாயனவியலார் பிளாக்டனின் விதிக்குக் காரணம் கண்டனர். பிரான்சின் கிரெனோபிளிலே இறவூல் என்னும் பேராசிரியர் 1880களில் பற்பல பொருள்களை ஆராய்ந்து, உறைநிலைத் தாழ்வு கரைந்த பொருளின் பாரத்தை மட்டுமன்றி அதன் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது எனக் காட்டினார். வந்தோபு அதற்குக் கொள்கை விளக்கம் தந்தார். இரசாயனத்துக்கான முதலாவது நோபல் பரிசு 1901 இல் அவருக்கே கிடைத்தது. இவ்விதியிலிருந்து நடைமுறைப் பயன் ஒன்று பிறந்தது. சம பாரமான இரு பொருள்களுள் எதன் மூலக்கூறு இலேசானதோ, அதில் மூலக்கூறுகள் மிகுதி. ஆதலின் அதுவே நீரின் உறைநிலையை மிகுதியாகத் தாழ்த்தும். மர அற்ககோல் எனப்படும் மெதனோலின் மூலக்கூற்றுப் பாரம் 32, சாதாரண அற்ககோலினது 46, எதிலீன் கிளைக்கோலினது 62, கிளிசரீனினது 92. மலிவான மெதனோல் சிறிதளவே போதும் என்பதும், கிளிசரீன் மிகுதியாக வேண்டும் என்பதும் இவ்வெண்களிலிருந்தே தெரியவரும்.

பென்சின் முதல் வண்டியில் நீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிரூட்டும் வழியாயிருந்தது. 1901 ஆம் ஆண்டின் மெசெடிசு வண்டிக்கு வில்லெம் மேபாக்கு அமைத்த தேன்கூட்டு றேடியேற்றர், எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சிறு குழாய்களை அடுக்கியது. அதன் பின்னர் அதே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுதல் இயல்வதாயிற்று. கோடையில் இது பெரும் வெற்றி. மாரியிலோ, அந்நுண்குழாய்களே முதலில் உறைந்து வெடிப்பன. பனிப்பிரதேசம் சென்ற முன்னோடிகள் இவ்விடரை வேறு வழியால் தவிர்த்தனர். 1908 இற் சாக்கில்டன் அந்தாட்டிக்காவுக்குக் கொண்டுசென்ற காரும், 1911 இல் இசுக்கொட்டு ஓட்டிய மோட்டார்ச் சறுக்கு வண்டிகளும் காற்றினாற் குளிரூட்டப்பட்டவை. உறைவதற்கு அவற்றில் நீரே இல்லை. ஆயின் இசுக்கொட்டின் வண்டிகள் உலகின் மிகக் குளிர்ந்த நிலத்திலே வெப்பம் மிகுந்து பழுதுற்றன என்பது விந்தை.

ஏனையோர் இரவுதோறும் றேடியேற்றரின் நீரை வடித்துவிட்டுக் காலையில் வெந்நீர் ஊற்றினர். முன்மூடியின்மேற் கம்பளம் போர்த்தினர். அதனொடு பற்பல கலவைகளையும் பரீட்சித்தனர். கல்சியங் குளோரைட்டுக் கரைசல் நன்றாக உறைவைத் தடுத்தது; உலோகத்தையும் நன்றாக அரித்தது. சீனிப்பாகும் தேனும் கூடப் பயன்படுத்தப்பட்டன. கிளிசரீன் விலை மிகுந்ததும் தடித்துப் பாய்வதுமாயிருந்தது. எனவே முதல் முப்பதாண்டுகளில் அற்ககோலே பெரிதும் வழங்கிற்று. அதன் குறை அதன் கொதிநிலை. மெதனோல் 65 பாகையிலும் சாதாரண அற்ககோல் 78 பாகையிலும் கொதிக்கும்; இயந்திரத்தின் நீரோ மலையேற்றத்தில் அவ்வெல்லையைக் கடக்கும். நீர் நிற்க, அற்ககோல் ஆவியாகிப் போகும். கார்த்திகையில் இட்ட கலவை மார்கழியில் வலிமை குன்றியிருக்கும்; அதனை வண்டிக்காரர் கண்ணாற் காண இயலாது. நிறமும் அளவும் மாறாத திரவம் காவலிழந்து நிற்பதே இவ்விடயத்தின் ஆபத்து. ஆகவேதான் மிதவைக்கோல் திருத்தகத்துக்கு வந்தது. மதுவரி அதிகாரியின் கருவி, அதே அற்ககோலையும் நீரையும் அளக்கும் பொருட்டு, வேறு மனிதரின் கைக்கு மாறிற்று. வரி அதிகாரிக்கு நூற்றுக்கு இத்தனை பங்கு எனக் காட்டிய கோட்டின் இடத்தில், இத்தனை பாகை என்ற எண் எழுதப்பட்டது, அவ்வளவே மாற்றம்.

இதன்பின் பொருள் மாறியது. பிரெஞ்சு இரசாயனவியலாரான அதோல்பு உவூட்சு 1856 இல் எதிலீன் கிளைக்கோலை முதன்முதல் ஆக்கினார். அறுபதாண்டு அதற்குப் பயனில்லை. முதலாம் உலகப்போரிலே கிளிசரீன் அருகியபோது வெடிபொருள் செய்வதற்கு அதனை நாடினர். 1925 இல் அமெரிக்காவின் மேற்கு வேர்சினியாவிற் பெருந் தொழிற்சாலை எழுந்தது. 1927 இல் பிறெஸ்ரோன் என்ற பெயரில் உறைதடுப்பியாக அது கடைகளுக்கு வந்தது. அதன் கொதிநிலை 197 பாகை. ஆவியாகிப் போகாமையின் நிலையான உறைதடுப்பி என அதனை விளம்பரஞ் செய்தனர். விலை மிகுந்ததாயினும் மாரி முழுவதும் ஒருமுறை இட்டது போதுமாயிற்று. நீரும் கிளைக்கோலும் கனவளவிற் சம பங்காகச் சேர்ந்த கலவை ஏறத்தாழப் பூச்சியத்துக்குக் கீழ் 37 பாகையிலேயே உறையத் தொடங்கும். மூன்றிலொரு பங்கு கிளைக்கோல் உள்ளது ஏறத்தாழ 17 அல்லது 18 பாகை வரை தாங்கும். அப்போதும் முதலிற் பிரிவது தூய நீரின் பளிங்குகளே. எஞ்சிய திரவம் செறிவு மிகுந்து நிற்கும். ஆதலாற் கலவை ஒரேயடியாகக் கல்லாகாது கூழாகும். அக்கூழ் இரும்பைப் பிளக்காவிடினும் றேடியேற்றரின் குழாய்களை அடைக்கும், நீரோட்டம் நிற்கும், வெளியே பனி பெய்துகொண்டிருக்க இயந்திரம் உள்ளே கொதிக்கும்.

மிதவைக்கோலுக்கு இம்மாற்றம் தலைகீழான மாற்றம். மெதனோலின் அடர்த்தி 0.79, நீரினும் இலேசானது. எனவே அற்ககோற் கலவை வலுக்க வலுக்க மிதவை தாழும். கிளைக்கோலின் அடர்த்தி 1.11, நீரினும் பாரமானது. அக்கலவை வலுக்க வலுக்க மிதவை உயரும். ஒன்றுக்கு எழுதிய அளவுத்திட்டம் மற்றதற்குப் பொய்யுரைக்கும். அதனினும் கொடியது இரண்டும் ஒரே றேடியேற்றரிற் கலந்திருத்தல். கிளைக்கோல் உள்ள வண்டிக்கு, வழியிற் கிடைத்த மெதனோலை ஒருவர் ஊற்றினாரெனில், ஒன்று அடர்த்தியை ஏற்ற மற்றது இறக்கும். மிதவையோ வெறும் நீரில் நிற்பதுபோலவே நிற்கும். உறைவைத் தடுக்கும் இரண்டும் அங்கே இருந்தும், கருவி இரண்டையும் காணாது. கருவியிற் பிழையில்லை. அது அளப்பது அடர்த்தி ஒன்றையே. எப்பொருள் கரைந்துள்ளது என்ற செய்தியை அளப்பவரே கொடுக்கவேண்டும். இச்செய்தி பிழைத்தவிடத்துக் கருவி பயனற்றதாகும்.

இதனை நன்கு பயன்படுத்தியோர் ஏமாற்றுக்காரர். இரண்டாம் உலகப்போரிற் கிளைக்கோல் படைகளின் தேவைக்குச் சென்றது, பொதுமக்களுக்கு அருகிற்று. அமெரிக்காவில் அப்போது கல்சியங் குளோரைட்டுக் கரைசலை உறைதடுப்பி என்ற பெயரோடு விற்றோர் பலர். அது பாரமான திரவமாதலின் மிதவை உயர்ந்து நிற்கும். உறைநிலையும் உண்மையிலேயே தாழ்ந்திருக்கும். சோதனையில் அது தேறிற்று. சில கிழமைகளில் றேடியேற்றரும் பம்பியும் அரிக்கப்பட்டன. அமெரிக்க அரசு இத்தகைய உப்புக் கலவைகளின் விற்பனையைப் போர்க்காலத்திலேயே தடைசெய்ய நேர்ந்தது. பொயிலின் மிதவை கள்ள நாணயத்தைப் பிடித்தது. இங்கே கள்ளச் சரக்கு மிதவையைத் தன் சாட்சியாக்கிக்கொண்டது.

அப்போரிலேயே உறைதடுப்பியின்மை பெரும் படையொன்றின் இடர்களுள் ஒன்றாயிற்று. 1941 ஆம் ஆண்டின் இறுதியில் மொசுக்கோவை நெருங்கிய செருமன் படைக்கு மாரிக்கால ஆயத்தம் போதியதாயிருக்கவில்லை, வண்டிகள் உறைந்தன, இயந்திரங்களின் கீழே தீமூட்டி அவற்றை இயக்கவேண்டியிருந்தது. அப்படை பின்வாங்கியமைக்கு இதனையே காரணமாகக் கூறுவோர் உளர். அது மிகை, எதிர்த்து நின்ற படையை மறந்துவிட்ட கூற்று. ஆயினும் வழங்கல் இடர்களுள் அதுவும் ஒன்றென்பதை மறுத்தற்கில்லை. விமானங்களிலோ கிளைக்கோல் வேறொரு காரணத்துக்காகப் புகுந்தது. இறோல்சு இறொயிசு மேளின் இயந்திரம் தொடக்கத்தில் தூய கிளைக்கோலாற் குளிரூட்டப்பட்டது; அதன் உயர்ந்த கொதிநிலை காரணமாகச் சிறிய றேடியேற்றர் போதுமாயிற்று. பின்னர் அமுக்கத்தின் கீழ் நூற்றுக்கு 30 பங்கு கிளைக்கோலும் 70 பங்கு நீருமான கலவைக்கு மாறினர். வெப்பத்தைச் சுமந்து செல்வதில் நீரே சிறந்ததாதலின் மிகுதியான கிளைக்கோல் நன்மையன்று எனக் கண்டமையே அதற்குக் காரணம்.

மிகுதி நன்மையன்று என்பது உறைவைப் பொறுத்தும் உண்மை. இதனைப் பலர் அறியார். தூய எதிலீன் கிளைக்கோல் பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 13 பாகையிலேயே உறைந்துவிடும். நீருடன் சேர்ந்தே அது அத்துணை ஆழமான குளிரைத் தாங்கும். கிளைக்கோலின் பங்கு கூடக்கூட உறைநிலை தாழ்ந்துசென்று, ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு அளவில் அடியைத் தொட்டு, அதன்மேல் மீண்டும் ஏறும். அடர்த்தியோ தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும். அத்திருப்பத்தின் பின் மிதவை உயர உயரக் காவல் குறையும். இதனாலேயே நல்ல மிதவைக்கோல்களின் அளவுத்திட்டம் அவ்விடத்துக்கு முன்னரே நிறுத்தப்படுகிறது. வெப்பநிலையும் அவ்வாறே மயக்குவது. சூடான இயந்திரத்திலிருந்து எடுத்த திரவம் விரிந்து அடர்த்தி குறைந்திருக்கும். வலிய கலவையும் மெலிந்ததெனத் தோன்றும். கில்பின் ஒவ்வொரு கலவையையும் பல வெப்பநிலைகளில் நிறுத்தது எதற்கென்பது இங்கே விளங்கும். சிறந்த கருவிகளில் வெப்பமானியும் திருத்த அட்டவணையும் உடன் இருக்கும். மலிவான கருவிகளில் வெவ்வேறு அடர்த்தியுள்ள சிறு உருண்டைகள் நான்கோ ஐந்தோ இருக்கும். எத்தனை மிதக்கின்றன என எண்ணுவதே அளவு. அவை வெப்பநிலைக்குத் திருத்தம் செய்வதில்லையாதலின் மேலோட்டமான அறிவுக்கு மட்டுமே உதவும்.

எதிலீன் கிளைக்கோல் நஞ்சு, அதனொடு இனிப்பானது. தரையிற் சிந்தியதை நக்கிய நாய்களும் பூனைகளும் இறந்துபட, நஞ்சுத்தன்மை மிகக் குறைந்த புரொப்பிலீன் கிளைக்கோலையும் உறைதடுப்பியாக வழங்கத் தொடங்கினர். அப்போது மிதவைக்கோல் முற்றாகத் தோற்றது. தூய புரொப்பிலீன் கிளைக்கோலின் அடர்த்தி 1.036. நீருடன் அது கலக்குமிடத்து அடர்த்தி முதலில் ஏறி, உச்சத்தைத் தொட்டு, பின் இறங்கும். ஏறத்தாழப் பாதிக்குப் பாதி கலந்த கரைசலும் தூய பொருளும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தியைக் காட்டும். ஓரடர்த்திக்கு இரு செறிவு பொருந்துமாயின் மிதவையிடம் கேட்பதிற் பயனில்லை.

வேறு கேள்வியே கேட்கவேண்டியதாயிற்று. செருமனியின் யேனா நகரிலே ஏணெசுட்டு அபே 1869 இல் அமைத்து 1874 இல் விவரித்த முறிவுமானி, திரவத்தின் பாரத்தை அன்றி அது ஒளியை வளைக்கும் அளவை நோக்குவது. நீரின் முறிவுச் சுட்டி 1.333, இரு கிளைக்கோல்களினதும் ஏறத்தாழ 1.43. கிளைக்கோல் கூடக்கூட இவ்வெண் இடையில் திரும்பாது ஏறிக்கொண்டே செல்லும். இன்றைய கைமுறிவுமானியின் அரியத்தின்மேல் இரண்டு மூன்று துளி போதும்; மூடியை அழுத்தி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் கண்ணை வைத்தால், ஒளியும் நிழலும் பிரியும் கோடு அளவுத்திட்டத்தை வெட்டும் இடத்தில் உறைநிலை தெரியும். பெரும்பாலானவற்றில் வெப்பநிலைத் திருத்தமும் உள்ளமைந்திருக்கும். அரிப்பைத் தடுக்கச் சேர்த்த மருந்துகள் எஞ்சியுள்ளனவா என்பதை இதுவும் காட்டாது. அதற்கு நிறம் மாறும் தாட்கீற்று வேறாக வேண்டும். குளிரே அறியாத இலங்கைத் தாழ்நிலத்திலும் கிளைக்கோற் கலவை விற்கப்படுவது அம்மருந்துகளுக்காகவும் உயர்ந்த கொதிநிலைக்காகவுமே.

இக்கோடுகள் யாவும் எங்கோ ஓரிடத்தில் உண்மையான குளிரோடு ஒப்பிடப்பட்டேயாகவேண்டும். ஆய்வுகூடத்திலே கலவையைக் கலக்கிக்கொண்டு மெல்லக் குளிரூட்டி, நிமிடந்தோறும் வெப்பநிலையைக் குறித்து, முதற் பளிங்கு தோன்றும் இடத்தை வளைகோட்டிலிருந்து அறிவர். குளிர்மிகைப்பட்டும் திரவமாக நிற்கும் நீரின் இயல்பால் ஏற்படும் பிழையைக் களைவதற்கே இத்தனை கவனம். திருத்தகக் கருவிகள் அவ்வளவின் பிரதிகள் மட்டுமே.

முறிவுமானியின் கண்வில்லையினூடாக நோக்குவோர் ஒரே வட்டத்தில் அருகருகே இரு அளவுத்திட்டங்களைக் காண்பர்; ஒன்று எதிலீன் கிளைக்கோலுக்கு, மற்றது புரொப்பிலீன் கிளைக்கோலுக்கு. நிழற்கோடு இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டும்; இரண்டும் வெவ்வேறு பாகைகளைக் கூறும். எதை வாசிப்பது என்பதைக் கருவி சொல்லாது. திருத்தகத் தொழிலாளி தலையை நிமிர்த்தி, றேடியேற்றரில் ஊற்றியது எது என வண்டிக்காரரைக் கேட்டபின்னரே மீண்டும் கண்ணை வைப்பார்.